இரண்டரைச் சுற்று

படார் என்று ஒரே ஒரு வெடிச்சத்தம். விமானத்தின் மூக்கிலிருந்த காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பார்வையாளர்கள் கைதட்டினார்கள்.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் குடும்பத்தோடு பழைய விமானங்களைப் பார்க்க வந்தவர்கள். எந்தச் சத்தம் நிகழ்ச்சியில் சேர்ந்தது, எது சேராதது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? முன்வரிசையில் ஒரு குழந்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தது. எல்லாரும் நிறுத்திய பிறகும் அது மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் சார். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. பேனா மக்கர் பண்ணினால் என் சட்டைப் பையில் ஒன்று இருக்கிறது.

அந்த விமானக் கொட்டகையில் நான் இருபத்தாறு வருடம் மெக்கானிக். மொத்தம் ஏழு விமானங்கள். ஏழும் எங்கள் முதலாளியின் சொந்தச் சொத்து. மற்ற பணக்காரர்கள் குதிரை வாங்குவார்கள், படகு வாங்குவார்கள். இவர் யாருக்கும் வேண்டாத விமானங்களாகத் தேடித் தேடி வாங்கினார். ஒன்று கோழிக்கூண்டாக இருந்தது. இன்னொன்றின் இறக்கையை யாரோ மாட்டுக்கொட்டிலுக்குக் கூரையாகப் போட்டிருந்தார்கள். அவர் வாங்கிப் போடுவார், நான் உயிர் கொடுப்பேன். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. வேலைப் பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து இருக்கிறது.

ஏழில் மூக்கிதான் எனக்குச் செல்லம். முன்பக்கம் அண்டா போல ஒரு வட்ட என்ஜின். அதனால் அந்தப் பெயர். ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு அதை ஓடவிட்டுக் காட்டுவோம். அதற்காகவே ஜனங்கள் வருவார்கள்.

மாப்பிள்ளை வந்து பதினொரு மாதம்தான் ஆகிறது. என் ஒரே மகளின் கணவர். கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவரை முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டதே நான்தான். என் மகளும் அங்கேயே இறக்கைகளுக்குத் துணி தைத்து ஒட்டும் வேலை செய்கிறாள். அவள் அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேராக இருந்தோம். அப்புறம் மூன்று பேரானோம். கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. எல்லாரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். சண்டை சச்சரவு கிடையாது. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பொல்லாத பேச்சுக்காரர். ஒவ்வொரு என்ஜினுக்கு அடியிலும் நான் ஒரு எண்ணெய்த் தட்டு வைத்திருப்பேன். அதைக் காட்டிச் சொல்வார்:

“எண்ணெய் ஒழுகுதேன்னு பயப்படாதீங்க. ஒழுகலைன்னாதான் பயப்படணும். உள்ள எண்ணெயே இல்லைன்னு அர்த்தம்.”

கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அது நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. இத்தனை வருடமாக நான் சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவர் சொன்னபோது சிரித்தார்கள். ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு ராசி.

பிறகு என் தோளில் கை போட்டுக்கொள்வார். “போர்டுல ஏழு விமானம்னு எழுதியிருக்கும். நம்பாதீங்க, எட்டு இருக்கு. எட்டாவது இதோ, எங்க மாமா. குளிர்காலத்துல ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் லேட்டாகும். மத்தபடி கண்டிஷன்ல இருக்காரு.”

நானும் சிரித்தேன். நான் சிரித்துக்கொண்டு நிற்கும் புகைப்படங்கள் எத்தனையோ பேர் போனில் இருக்கும். கேலியைத் தாங்காத ஆள் இல்லை நான்.

ஸ்பேனர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய பலகை இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைச் சிவப்புப் பெயின்டில் வரைந்து, அதற்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருப்போம். சாயங்காலம் கதவைச் சாத்துவதற்கு முன் பலகையைப் பார்க்க வேண்டும். சிவப்பு தெரிந்தால் ஏதோ ஒன்று திரும்பி வரவில்லை. அது கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. என்ஜினுக்குள் மறந்துவைத்த ஒரு ஸ்பேனர் விமானத்தையே கீழே தள்ளிவிடும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்.

போன மாதம் ஒருநாள் நானே பலகையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். எனக்குச் சிவப்பு தெரியவில்லை. மறுநாள் காலை மாப்பிள்ளை மூக்கியின் என்ஜின் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்தது, அரை இஞ்ச் ஸ்பேனர். யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து என் கையில் வைத்தார்.

“கீழ கிடந்தது மாமா,” என்றார்.

கீழே கிடக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருவன் நம்மைத் திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். இப்படிப் பெரிய மனசு பண்ணினால் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். அன்று மத்தியானம் அவர் எதிரில் உட்கார்ந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்து நாள் கழித்து முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

“உங்களுக்கும் வயசாச்சு. அடுத்த மாசத்துல இருந்து சாவி, பதிவேடு எல்லாம் மாப்பிள்ளைகிட்ட இருக்கட்டும். நீங்க வாசல்ல டிக்கெட் கிழிச்சுக் குடுங்க போதும். நல்ல நாற்காலியா போடச் சொல்றேன். மேல ஒரு ஃபேனும் மாட்டிடலாம்.”

ஃபேன் என்றதும் எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். மாப்பிள்ளை ஸ்பேனர் கதையைப் போட்டுக்கொடுத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் மூச்சே விடவில்லை என்பதை முதலாளியே பிறகு பேச்சுவாக்கில் சொன்னார். அடக்கம் முடிந்து திரும்பும்போது, காரில். அதனால் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.

இப்போது வயரைப் பற்றி. இது உங்களுக்குப் புரிய வேண்டும். இந்தப் பழைய என்ஜின்களுக்கு பேட்டரி வேண்டாம். காற்றாடியைக் கையால் திருப்பினாலே உள்ளே ஒரு கருவி தானாகத் தீப்பொறி உண்டாக்கும். சுவிட்சை ஆஃப் செய்தால் அந்த மின்சாரம் ஒரு வயர் வழியாக விமானத்தின் உடம்புக்குப் போய் வீணாகிவிடும். அவ்வளவுதான் சுவிட்சின் வேலை. அந்த வயர் கழன்றுவிட்டால் சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றுதான், என்ஜின் விழித்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே காற்றாடியை எப்போதும் உயிருள்ளதாக நினைத்துத் தொட வேண்டும். கை மட்டும் படவேண்டும், உடம்பு எட்டி நிற்க வேண்டும்.

மாப்பிள்ளையிடம் இதை நூறு தடவை சொல்லியிருப்பேன். “சரி மாமா, சரி மாமா” என்பார். ஓடவிடுவதற்கு முன் பெட்ரோல் உள்ளே இறங்குவதற்காகக் காற்றாடியைக் கையால் ஆறு தடவை திருப்ப வேண்டும். அந்த நேரத்தில்தான் அவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவார். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, தோளைக் காற்றாடிமேல் சாய்த்துக்கொண்டு, நகைச்சுவை சொல்லிக்கொண்டு. இவரிடமா ஏழு விமானங்களை ஒப்படைப்பது? இவரிடமா என் மகளை ஒப்படைத்திருக்கிறேன்? ஒரு பொறுப்பான தகப்பன் யோசிக்க மாட்டானா?

சனிக்கிழமை சாயங்காலம் நான் மூக்கியின் அந்த வயரைப் பிடித்திருந்த திருகைத் தளர்த்தினேன். இரண்டரைச் சுற்று. வயர் நழுவி வெளியே வந்தது. கழற்றி எறியவில்லை. அதிர்வில் தானாக விலகினாற்போல அதன் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. திருப்புளியை மறக்காமல் பலகையில் மாட்டினேன். சிவப்பு எங்கும் தெரியவில்லை.

அது ஒரு பரீட்சை, சார். நான் சொன்னபடி எட்டி நின்றிருந்தால் தொப்பி பறந்திருக்கும், பயந்து போயிருப்பார், அவ்வளவுதான். முதலாளியும் தன் முடிவை மாற்றிக்கொண்டிருப்பார். எட்டி நின்றாரா என்று நீங்கள் அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஞாயிறு பதினொரு மணிக்கு நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். மாப்பிள்ளை காற்றாடியில் கை வைத்தார். முதல் தடவை, ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை கூட்டத்தின் பக்கம் திரும்பி, “போர்டுல ஏழு விமானம்னு எழுதியிருக்கும்…” என்று ஆரம்பித்தார். மீதியை அவர் சொல்லவில்லை.

விமானப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து, ஒரு மணி நேரம் பார்த்தார். வயர் அதிர்வில் கழன்றிருக்கிறது, பழைய என்ஜின்களில் சகஜம், விபத்து என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். நல்ல படிப்பாளி. முதலாளி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். சாவிக்கொத்தை என் கையில் வைத்து, “இனிமே நீங்கதான், வேற யாரு இருக்கா?” என்றார். வாசலில் போட்ட நாற்காலியை யாரோ உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். மூன்று வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

பின் ஏன் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றுதானே கேட்கிறீர்கள்? என் மகள் வாசலில் ஆட்டோவில் இருக்கிறாள். அவள்தான் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இன்று காலை அவள் இறக்கைத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தாள். இந்த மூன்று வாரத்தில் அவள் என்னோடு நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஊசியை வைத்துவிட்டுத் திடீரென்று கேட்டாள்.

“அவர் உங்களக் கேக்காம கை வெச்சாராப்பா?”

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காற்றாடியைத் தொடுமுன் கீழே நிற்பவர் “சுவிட்ச்?” என்று உரக்கக் கேட்க வேண்டும். இருக்கையில் இருப்பவர் சுவிட்சைப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் வெளியே நீட்டிக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் யாரும் விரலை வைக்க மாட்டார்கள். மாப்பிள்ளை வருவதற்கு முன் எனக்காக அந்த இருக்கையில் உட்கார்ந்து பதில் சொன்னவள் என் மகள்தான்.

நான் கையில் இருந்த சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“கேட்டாரா, இல்லையா?” என்றாள்.

“கேட்டாரும்மா. எப்பவும் கேப்பாரே. ரெண்டு தடவை கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உண்மையைத்தான் சொன்னேன். சுவிட்ச் ஆஃப்லதானே இருந்துச்சு? ரெண்டு கையையும் நீட்டிக் காட்டி, ‘ஆஃப் மாப்பிள்ளை, தைரியமா சுத்துங்க’ன்னு சொன்னேன்.”