பத்தாந்தேதி வாடகை

— மோட்டர் சுவிட்சைப் பூட்டிட்டீங்களே ஐயா, காலையில இருந்து பைப்புல சொட்டுத் தண்ணி இல்ல!

— வாடகை வரேல்லை, தண்ணியும் வரேல்லை. நான் என்ன செய்யிறது, புஷ்பம்?

— என்னா விமலநாதன் ஐயா, மதிலுக்கு அங்கால நிண்டு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் ஈந்தேன். சின்னப் புள்ள ஈக்கிற வீட்டுக்குத் தண்ணிய நிப்பாட்டுறதா?

— வாங்கோ றம்லத். இன்னும் காணேல்லையே எண்டு யோசிச்சனான்.

— நான் வராட்டி இந்த ரோட்டுல ஞாயம் கேக்க வேற யாரு ஈக்கி?

— ஐயா, தரமாட்டேன்னு நான் சொல்லல. எங்க வீட்டுக்காரருக்கு ஹந்தானைத் தோட்டத்துல பத்தாந்தேதிதான் சம்பளம். ஒன்னாந்தேதி கேட்டா எங்க போவேன்?

— வீட்டுக் கடனுக்குப் பாங்க் ஒண்டாம் தேதிதான் என்னட்டப் பிடிக்குது. புஷ்பத்தின்ர மனுசனுக்கு இன்னும் சம்பளம் வரேல்லை, பொறுங்கோ எண்டு மனேச்சரிட்டச் சொல்லட்டோ?

— பத்தாந்தேதி பாதி. கெலிஓயாக் கடையில எனக்கு இருவத்தஞ்சாந்தேதி சம்பளம் தருவாங்க, அன்னிக்கு மீதி. ரெண்டு வருசமா லேட்டாயிருக்கும், இல்லேன்னு ஆனதில்ல. மாசாமாசம் உங்க வாசல்ல வந்து நிக்கிறதே வேலையாப் போச்சு!

— பாருங்க, எவ்வளவு கணக்கா செல்றா! நீங்களும் பென்சன் வரும்வரைக்கும் மஹ்மூத் நானாட கடையில கடனுக்குத்தானே சாமான் எடுக்குற?

— அதையும் எட்டிப் பாத்தியளோ?

— எட்டிப் பாக்கல்ல. கண்ணுல பட்ட.

— ஐயா, மகளை ஒன்னாம் வகுப்புல சேக்கத்தான் தோட்டத்து லய வீட்ட விட்டு எறங்கி வந்தோம். ஸ்கூலுக்குக் கிட்டதான் குடியிருக்கோமான்னு அடுத்த மாசம் அங்கேருந்து வீடு பாக்க வருவாங்க. அன்னிக்கு நாங்க இங்க இல்லேன்னா அவளுக்கு எடமில்ல.

— விளங்குது பிள்ளை. ஆனா கதை முடிஞ்சுது. வாற ஒண்டாம் தேதியில இருந்து வீட்டை வேற ஆக்களுக்குக் குடுத்திட்டன். ஆறு மாச வாடகையை முற்பணமாத் தந்திட்டினம்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா?

— அல்லாஹ்வே! யாரு அந்த நெஞ்சில ஈரமில்லாத ஆள்? செல்லுங்க, வாசல்ல போய் நிண்டு நாலு கேள்வி கேக்குறேன். ஒரு புள்ளட படிப்பக் கெடுத்துக்கொண்டு குடி வாராங்களாம்!

— வேண்டாம் றம்லத். உங்களுக்கு மட்டும் சொல்லவேண்டாம் எண்டவை.

— எனக்கா? எனக்கு மட்டும் ஏன்?

— புதுசாக் கலியாணம் முடிச்ச சோடி. வீட்டில ரெண்டு பேரும் காலமை கதைக்கிறது மத்தியானம் கலகெதரை வரைக்கும் போயிடுதாம். தாய்க்காரியின்ர வாய்க்குப் பயந்துதான் தனிய வரப் பாக்கினம்.

— எந்தத் தாய்க்காரி அது?

— நீங்கள்தான். வாறது உங்கட மகன் ரிஸ்கான். நடுவில ஒரு மதில் எண்டாலும் இருக்கட்டுமாம்.

— றம்லத் ராத்தா, ஏன் எங்க வீட்டுப் பின்பக்கமா எட்டிப் பாக்குறீங்க? நீங்க சொன்னா ரிஸ்கான் தம்பி கேப்பாரு. ஸ்கூல்காரங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் பொறுத்தாப் போதும். சொல்லுங்க ராத்தா!

— புஷ்பம்... உங்கட வீட்டுப் பின்னறை மழைக்கு ஒழுகுறதில்லதானே? எங்கட ரிஸ்கானுக்கு ஈரம் ஒத்துவராது.