பன்னீர் தெளிக்க ஆறு பேர்

மலர், ஜோசப், நம் காலனி விழாக் குழுவில் இருக்கும் நீங்களும் இதைக் கேட்டிருக்க வேண்டும். குமணன்சாவடியில் பேருந்து நின்றபோது, முன் இருக்கையில் இருந்த இரண்டு கல்லூரி ஆசிரியைகளில் மூத்தவர் உரக்கக் கேட்டார்.

“பன்னீர் தெளிக்கவா நான் கம்ப்யூட்டர் படிச்சேன்?”

“நாளைக்கு யுனிவர்சிட்டிலேர்ந்து இன்ஸ்பெக்‌ஷன் மேடம். லேடீஸ் எல்லாம் வாசல்ல நிக்கணும்னு ஹெச்.ஓ.டி. சொல்லிட்டாரே?”

“சேர்ந்தப்ப நான் ஒருத்தி, நின்னேன். இப்ப ஆறு பேரு கீறோம். ஆறு பேரும் வாசல்ல நின்னா, நாம எழுதின ப்ரோக்ராமை உள்ள யாரு காட்டுறது?”

“வேலை போயிடும் மேடம்.”

“போவட்டும்டி. நான் லேப்லதான் இருப்பேன். அவரு பட்டு வேட்டி கட்டிகினு தெளிக்கட்டும்.”

இளையவர் சிரித்துவிட்டார். “அப்ப நானும் லேபுக்கே வரேன்.”

அன்று மாலை, காலனி ஆண்டுவிழாவுக்கு நான் எழுதிய வரவேற்புப் பட்டியலைத் தனியாக உட்கார்ந்து எடுத்தேன். மலர், சந்தனத் தட்டுக்கு நேரே இருந்த உன் பெயரை அடித்து, பட்டு வேட்டியோடு நிற்கப்போகும் என் பெயரை எழுதினேன்.