பதினாறாம் வாய்ப்பாடு

நீங்கள் வலது பக்கமாக மட்டுமே மெல்லுகிறீர்கள், இன்ஸ்பெக்டர். நேற்று எனக்கு மசால் வடை வாங்கிக் கொடுத்து நீங்களும் ஒன்று சாப்பிட்டீர்களே, அப்போது கவனித்தேன். இடது கீழ்க் கடைவாயில் ஏதோ இருக்கிறது. ஆறு மாதமாவது ஆகியிருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரவுடிகளை அதட்டுகிறவருக்கும் பல் டாக்டர் என்றால் பயம்தான். பதினேழு வருடமாக இதைத்தான் பார்த்துவருகிறேன்.

சாராள் டீச்சர் என் நாற்காலியில் இறந்ததைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். நேற்று கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். அதற்கு முதலிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

அவர் முதன்முதலில் வந்தது எண்பத்தேழு ஜூன் மாதம். பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது வயதிருக்கும். கணவர் ஏசுபாதம் தாம்பரம் ஸ்டேஷனில் பார்சல் ஆபீசில் வேலை பார்த்தார். என் கிளினிக் தாம்பரம் மேற்கில், ஜவுளிக்கடை மாடியில். பதினெட்டுப் படி. டீச்சர் ஒன்பதாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கன்னம் வீங்கி இரண்டு இரவு தூங்காத பெண்மணி. "நான் இங்கேயே இருக்கேங்க, டாக்டரை வேணும்னா கீழ வரச் சொல்லுங்க" என்று கணவரிடம் சொன்னது எனக்கு மேலே கேட்டது. நான் இறங்கிப் போனேன். அந்தப் படியில் வைத்தே வாயைப் பார்த்தேன். அந்தப் பல் நிஜமாகவே மோசம். வேரைச் சுத்தம் செய்து கேப் போட்டாக வேண்டும்.

கேப் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல்லைச் சுற்றிலும் அரைத்துச் சிறிதாக்கி, அதன்மேல் தொப்பி மாதிரி ஒன்றைப் பொருத்துவது. முதல் நாள் அரைத்து அளவெடுக்க வேண்டும். பத்து நாள் கழித்துக் கேப் தயாரானதும் சிமென்ட் வைத்து ஒட்ட வேண்டும். அரைத்த பல் திரும்ப வளராது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயந்த சுபாவம் உள்ளவர்களுக்குக் கை நரம்பில் தூக்க ஊசி போடுவேன். முழு மயக்கம் இல்லை, அரைத் தூக்கம். வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பார்கள். கேட்டதற்கு முனகுவார்கள். எழுந்த பிறகு ஒன்றும் நினைவிருக்காது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மற்றவர்களை நூறிலிருந்து பின்னால் எண்ணச் சொல்வேன். கணக்கு டீச்சருக்கு அது பல் தேய்ப்பது போன்ற காரியம், தூக்கத்திலும் எண்ணிவிடுவார். அதனால் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன்.

"ஆறு பதினாறு தொண்ணூத்தாறு. ஏழு பதினாறு நூத்திப் பன்னெண்டு. எட்டு பதினாறு... எட்டு..."

அங்கே நாக்கு தடுமாறியது. நான் ஊசியை நிறுத்தினேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வந்தார், ஒருமுறைகூட எட்டைத் தாண்டியதில்லை. கடிகாரத்தையும் அளவையும் விட அந்த எட்டைத்தான் நான் நம்பினேன். பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிற கன்னியம்மாவுக்கும் அது மனப்பாடம். பள்ளிக்கூடமே போகாதவள், பதினாறாம் வாய்ப்பாட்டை எட்டுவரை சொல்வாள்.

கண் விழித்ததும் டீச்சர், "முடிஞ்சிடுச்சா டாக்டர்? நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு நெனச்சேன்" என்றார். பிறகு சிரித்தார். வாய் பாதி மரத்திருந்ததால் சிரிப்பும் பாதிதான் வந்தது.

டீச்சருக்கும் எனக்கும் ஒரே சர்ச். அந்த அக்டோபரில் எங்கள் கோவிலில் அறுப்பின் பண்டிகை. எங்கள் சபையில் அன்று ஆராதனைக்கு நடுவில் யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். அந்த வருடம் தனக்கு நடந்த நன்மையைச் சொல்லி நன்றி செலுத்துவது வழக்கம். பெண்கள் பக்கத்திலிருந்து சாராள் டீச்சர் எழுந்தார். "சின்ன வயசிலேர்ந்து எனக்கு இருந்த பயத்தை ஆண்டவர் டாக்டர் வில்பிரட் கையால எடுத்துப் போட்டார். எனக்கு வலிக்கவே இல்லை" என்றார். முந்நூறு தலைகள் என் பக்கம் திரும்பின.

பல் டாக்டரைத் தெருவில் பார்த்தால் யாரும் சிரிப்பதில்லை, இன்ஸ்பெக்டர். வாயை மூடிக்கொள்வார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீட்டிலும் சிரிக்க ஆளில்லை. அன்று முந்நூறு பேர் பல் தெரியச் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. என் வாழ்நாளில் அந்த அளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மறு வருடம் பண்டிகைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். டீச்சர் எழுந்தார். தம்பிக்கு வேலை கிடைத்ததற்கு நன்றி சொன்னார், உட்கார்ந்துவிட்டார். தப்பில்லை. ஒரு பல்லுக்கு எத்தனை வருடம் நன்றி சொல்ல முடியும்?

அதற்கடுத்த மாதம் பல் சுத்தம் செய்துகொள்ள வந்தார். கேப் போட்ட பல்லுக்குப் பக்கத்துப் பல்லில் ஒரு கறுப்பு தெரிந்தது. இதுவும் சொத்தைதான் டீச்சர், இதற்கும் கேப் போட வேண்டும் என்று சொன்னேன். சொன்ன பிறகு சுரண்டிப் பார்த்தேன். டீக்கறை. போய்விட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான். டாக்டர் சொன்ன சொல்லை மாற்றினால் நோயாளிக்கு நம்பிக்கை போய்விடும். பயந்தவர்களுக்கு நம்பிக்கைதான் பாதி மருந்து. அவருடைய நம்பிக்கைக்காகத்தான் அந்தப் பல்லை அரைத்தேன்.

எண்பத்தொன்பது பண்டிகையில் மறுபடி என் பெயர் வந்தது. அதற்கு முன்னால் மூன்றாவது கேப்பும் போட்டிருந்தேன். அதற்குக் கறைகூட இல்லை.

மொத்தம் பதினொன்று. முதலாவதைத் தவிர மீதிப் பத்தும் நல்ல பற்கள். அரைக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டரில் அச்சு எடுத்து, பெயரும் தேதியும் எழுதி அலமாரியில் வைப்பது என் பழக்கம். நீங்கள் கைப்பற்றிக்கொண்டு வந்த அச்சுகள் அவைதான். அவற்றைப் பார்த்த இன்னொரு பல் டாக்டர், இந்தப் பற்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாராமே. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஏன் உடைத்துப் போடவில்லை என்று கேட்டீர்கள். அவ்வளவு நேர்த்தியான பல்வரிசையை உடைக்க யாருக்கு மனம் வரும்?

கன்னியம்மாவுக்குக்கூடத் தெரிந்தது. ஒருநாள் அச்சைத் துடைத்துக்கொண்டே, "இன்னா டாக்டரே, டீச்சரம்மா பல்லு என் பல்ல வுட ஷோக்கா கீது. இதுக்குப் போயி இன்னாத்துக்கு கேப்பு?" என்றாள். சொத்தை உள்ளே இருக்கிறது, வெளியே தெரியாது என்றேன். அவள் அச்சை அலமாரியில் திருப்பி வைத்தாள்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். தொண்ணூற்றொன்று அக்டோபர் ஐந்து. மறுநாள் பண்டிகை. பத்து நாள் முன்னால் அரைத்த பல்லுக்குக் கேப் ஒட்ட வேண்டும். மாலை நாலு மணிக்கு ஏசுபாதத்தோடு வந்தார். இப்போதெல்லாம் பதினெட்டுப் படியையும் தானே ஏறிவிடுவார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு கையை நீட்டினார். ஊசியைக் குத்திவிட்டேன், மருந்து இன்னும் ஏற்றவில்லை. அப்போது சொன்னார்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க மெட்டில்டா அண்ணி நர்ஸா இருக்காங்கல்ல, இவரோட அக்கா. ஒருத்திக்கு எப்படிப் பதினோரு பல்லு சொத்தையாகும்னு கேட்டுகிட்டே இருக்காங்க. நீங்க பழைய அச்செல்லாம் வெச்சிருக்கீங்கன்னு கன்னியம்மா சொன்னாங்க. நாளைக்குக் கோவிலுக்குக் கொண்டு வர்றீங்களா? அண்ணிகிட்ட ஒரு தடவை காட்டிட்டா அவங்க பேச்சு நின்னுடும். உங்களைப் பத்தி யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது டாக்டர்."

என் பக்கம் நின்றுதான் கேட்டார். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சந்தேகப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தாராளமா கொண்டு வரேன் டீச்சர். வாய்ப்பாட்டை ஆரம்பிங்க" என்றேன்.

அவர் எட்டைத் தாண்டிப் பத்துவரை போனார், அதனால்தான் மருந்து கூடிவிட்டது என்று நேற்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். திருத்த வேண்டிய இடம் இதுதான். அவர் எட்டில்தான் நின்றார், என்றைக்கும் போல. கன்னியம்மாவைக் கேளுங்கள், சொல்வாள். "எட்டு பதினாறு..." என்று சொல்லி வாய் அப்படியே தளர்ந்தது.

நூற்றிருபத்தெட்டு என்று நான் சொன்னேன். ஒன்பது பதினாறு நூற்று நாற்பத்து நாலு. பத்து பதினாறு நூற்றறுபது. நானே சொல்லி, நானே ஏற்றினேன். ஊசிக்குழல் காலியாகும்வரை ஏற்றினேன். மருந்து கூடினால், ஊசிக்கு முன்னால் பேசியதுகூட மறந்துபோகும் என்று ஒரு எண்ணம். அப்படி ஆகாது என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. எனக்கே யாரோ மரத்துப்போகிற ஊசி போட்ட மாதிரி இருந்தது.

சிமென்ட்டைக் குழைத்துக் கேப்பை வைத்து அழுத்தினேன். கன்னியம்மாதான் முதலில் சொன்னாள்.

"டாக்டரே, அம்மா மூச்சு வுடறது இன்னா ஒரு மாரி கீது. நகமெல்லாம் நீலமா ஆவுது, பாருங்க."

"தூக்கம்தான். நீ போய் ஏசுபாதம் சாருக்கு ஒரு டீ வாங்கிக் கொடு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போனாள். அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சிமென்ட் இறுக ஏழு நிமிடம் ஆகும். அதுவரை விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் கேப் ஒரு மயிரிழை தூக்கிக்கொள்ளும், பிறகு வாழ்நாள் முழுக்கக் கடிக்கும்போது இடறும். தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தால் மூச்சு வந்திருக்கலாம். வாயோடு வாய் வைத்து ஊதியிருக்கலாம். கீழே ஜவுளிக்கடைக்குப் பக்கத்தில் டாக்டர் அந்தோணிசாமி இருந்தார், ஜன்னலில் நின்று கூப்பிட்டிருந்தால் பதினெட்டுப் படி ஏறி வந்திருப்பார். இதெல்லாம் எனக்கு அப்போதும் தெரியும். நான் இரண்டு கையாலும் கேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் மார்பு அசைவது நின்றது. ஏழுவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஓரத்தில் பிதுங்கிய சிமென்ட்டைச் சுரண்டி எடுத்தேன். உதட்டைத் துடைத்தேன். துண்டை மடித்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். ஏசுபாதம் டீ தம்ளரோடு எழுந்து நின்றார்.

"முடிஞ்சிடுச்சா டாக்டர்?"

முடிந்துவிட்டது என்றேன்.

மறுநாள் கோவிலில் சாட்சி சொல்ல யாரும் எழவில்லை. போதகர் சாராள் டீச்சரின் குடும்பத்துக்காக ஜெபித்தார். பிறகு, இந்தத் துயரத்தில் மனம் உடைந்திருக்கும் டாக்டர் வில்பிரடுக்காகவும் ஜெபிப்போம் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மெட்டில்டா மட்டும் தலை குனியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் அவர்தான் உங்களிடம் வந்தார், கல்லறையைத் தோண்ட வைத்தார்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். நல்ல பல் என்று தெரிந்துதான் பத்தையும் அரைத்தேன். நிறுத்த வேண்டிய இடம் தெரிந்துதான் தாண்டினேன். அவர் மூச்சு நின்றது தெரிந்துதான் கையை எடுக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி, இன்ஸ்பெக்டர். பிரேதப் பரிசோதனை அறிக்கையில், பதினொரு கேப்பும் மிகக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன, கடைசிக் கேப் உள்பட ஒன்றுகூட அசையவில்லை என்று எழுதியிருப்பதாக நேற்று சொன்னீர்களே. அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, வாசித்துக் காட்டுவீர்களா?