பதினஞ்சு நாட்டுக்கு ஒரு அச்சுக்கட்டை

— சோவியத் யூனியன் எம்புட்டு பாய்?

— எழுபத்தஞ்சு ரூபா டீச்சரம்மா. கூடவே அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, சுத்தியிருக்கிற கடல் அம்புட்டும் இலவசம். மேலயும் கீழயும் கம்பு அடிச்சு, சுவத்துல மாட்டக் கயிறு வரைக்கும் கட்டித் தாரேன்.

— இல்லாத நாட்டுக்கு எழுபத்தஞ்சா?

— இல்லாத நாடா? இந்தாங்க, முழம் போட்டு அளந்து பாருங்க. உலகத்துலயே பெரிசு. இம்புட்டு சிவப்பு மை வேற எந்த நாட்டுக்கும் செலவாகல.

— போன டிசம்பர்லயே உடைஞ்சு பதினஞ்சு நாடாப் போச்சு. இப்ப ஜூன். பேப்பர் படிக்கிறதில்லையா?

— படிக்கப் போய்த்தானே அந்தப் பக்கத்தை மடிச்சு, ஆப்பிரிக்கா மட்டும் தெரியுற மாதிரி மாட்டியிருக்கேன். நீங்கதான் வந்ததும் வராததுமா விரிச்சுப்புட்டீங்க. எந்தப் பள்ளிக்கூடம்?

— உசிலம்பட்டி. பொண்ணுங்களுக்குப் பூகோளம் எடுக்குறேன். பேரு மீனலோசனி. வீடு இங்க தெற்கு மாசி வீதிப் பக்கம்தான், தினம் பஸ்ஸுல போய் வாரேன். எங்கப்பாவுக்குச் சுங்குடிச் சேலை யாவாரம். அதையும் மனசுல வச்சுக்கிட்டு விலை சொல்லுங்க.

— சௌராஷ்டிரா வீட்டுப் பொண்ணா! காலையில யாரு மூஞ்சியில முழிச்சேன்னு தெரியலையே. சரி, நானும் உமர் பாரூக், மேப்புக் கடையில முப்பது வருசம். எழுபது குடுங்க.

— இந்த மேப்பு கையில எம்புட்டு கிடக்கு?

— எரநூறு.

— எரநூறும் இருபது ரூபாய்க்கு எடுத்தது.

— இருபதுன்னு நான் சொல்லவே இல்லையே?

— இது நாப்பது ரூபா சரக்கு பாய். முழு விலைக்கு வாங்குறவன் நாலு கேள்வி கேட்டு அஞ்சு எடுப்பான். பாதி விலைக்குக் கிடைச்சாத்தான் வாயைத் திறக்காம எரநூறு எடுப்பான்.

— யா அல்லா, கூட இருந்து பாத்த மாதிரியே சொல்றீங்க. வெங்கடசுப்பிரமணியன்னு ஒரு ஏஜென்ட்டு. தீபாவளிக்கு முன்னால வந்தாரு. பாய், உங்க முகத்துக்காகப் பாதி விலைன்னாரு. ஏன்னு கேட்டா விலை ஏறிருமோன்னு நானும் கேக்கல. ரெண்டே மாசம், நாடு காலி.

— அவருக்கு மட்டும் முன்னாலயே தெரியுமா, பாவம்.

— தெரியாமயா பாதி விலை? உலக நடப்பு தெரிஞ்ச யாரோ அவரு காதுல ஊதியிருக்கணும். ஊதுன வாயில மண்ணு விழ!

— வாயை விடுங்க பாய், விஷயத்துக்கு வாங்க.

— விஷயத்துல என்ன இருக்கு? எங்க வீட்டம்மா நஜ்முன்னிசாவோட ரெண்டு வளையலை நாலாயிரத்துக்கு அடகு வச்சு வாங்குன சரக்கு இது. அவகிட்ட பாலிஷுக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். எட்டு மாசமாப் பாலிஷ் போட்டா வளையலே கரைஞ்சிருக்குமேன்னு நேத்து சிரிக்கிறா. அவ சிரிச்சாத்தான் எனக்குப் பயம். பக்ரீத்துக்குக் கையில போட்டாகணும்னுட்டா. இன்னும் ஒரு வாரம்கூட இல்ல. எங்க யாவாரம் ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குறப்ப மட்டும்தான். இதை விட்டா அடுத்த ஜூன்.

— அப்ப இதைப் பாருங்க.

— என்னது, சேலைக்கு அச்சுப் போடுற கட்டையா? துணி எதுவும் இங்க இல்லையே.

— மாங்கா, அன்னமெல்லாம் வெட்டுற ஆளுகிட்டச் சொல்லி, பதினஞ்சு நாட்டு எல்லையை வெட்டி வாங்கியிருக்கேன். கறுப்பு மையைத் தொட்டு, சிவப்பு மேல வச்சு ஒரே அழுத்து. ஒவ்வொரு நாட்டுக்கும் நம்பர் விழும். ஓரத்துல பேரைச் சீட்டுல எழுதி ஒட்டிக்கலாம். இருங்க, ஒண்ணு போட்டுக் காட்டுறேன்.

— மெதுவா, மெதுவா... அடேயப்பா! எம்புட்டு பேரு மண்டையை உடைச்சுப் பிரிச்ச நாடு, நீங்க ஒரே குத்துல முடிச்சுட்டீங்க. ஆமா, வலப்பக்கம் கட்டையே இல்லையே? காசு பத்தலையா?

— அது சைபீரியா. மரமும் பனியும்தான். அங்க பங்கே பிரிக்கல, முழுசும் ரஷ்யாவுக்கு. சண்டைக்கார எல்லையெல்லாம் மேற்கயும் தெற்கயும்.

— இந்த இடம் ஏன் ஜிலேபி மாதிரி சுத்திக் கிடக்கு? வெட்டுனவன் தூங்கிட்டானா?

— அது பெர்கானா பள்ளத்தாக்கு. உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான், தாஜிகிஸ்தான் மூணும் அங்க பின்னிக்கிட்டு கிடக்கு. ஒரே முதலாளிகிட்ட இருந்தப்ப கோடு எப்படி வளைஞ்சா என்னன்னு விட்டுட்டாங்க. இனிமே பக்கத்து ஊரு சந்தைக்குத் தக்காளி கொண்டு போகவும் செக்போஸ்டுல நிக்கணும். கட்டை வெட்டுனவரு அந்த ஒரு இடத்துக்கு மட்டும் தனிக் கூலி வாங்கிட்டாரு.

— உஸ்பெகிஸ்தானுக்குத் துறைமுகம் எங்க?

— இல்ல. அதைச் சுத்தியிருக்கிற நாட்டுக்கும் இல்ல. எந்தப் பக்கம் போனாலும் ரெண்டு நாட்டைத் தாண்டித்தான் கப்பலைப் பாக்க முடியும்.

— பேரையூர்க்காரன் தூத்துக்குடிக்குப் போக ரெண்டு பாஸ்போர்ட் எடுத்த மாதிரி. அங்க என்ன விளையுது?

— பருத்தி.

— அப்பப் பொழைச்சுக்குவாங்க.

— பருத்தி அங்க இருக்கு, மில்லு ரஷ்யாவுல இருக்கே. எண்ணெய் அஜர்பைஜான்ல, கோதுமை உக்ரைன்ல. ராக்கெட் விடுற மைதானம் கசகஸ்தான்ல, விடுற ஆளு ரஷ்யாவுல. ஒவ்வொருத்தனையும் ஒவ்வொரு வேலை மட்டும் பாருன்னு வச்சிருந்தாங்க. சோழவந்தான் தனி நாடாப் போச்சுன்னு வைங்க. வெத்தலை அவுங்ககிட்ட. பாக்கும் சுண்ணாம்பும்?

— வெளிநாட்டு இறக்குமதி! வெறும் வெத்தலையை மென்னுக்கிட்டு எம்புட்டு நாளைக்குக் கொடியேத்துறது, பாவம். வாங்க, வாங்க தோழர் சோணை! டீச்சரம்மா, இவரு மில்லு யூனியன்காரரு.

— வணக்கம்மா. பாய், நம்ம படிப்பகத்துல மாட்ட ரஷ்யா மேப்பு ஒண்ணு வேணும். இதென்ன, யாரு இப்படிக் கீறி வச்சது?

— நான்தாங்க. இப்ப அது பதினஞ்சு நாடுங்களே.

— அது உங்க வகுப்புல இருக்கட்டும்மா. எனக்குக் கோடு போடாததா குடுங்க.

— அந்த நாடு இப்ப இல்லைங்களே அண்ணே.

— இல்லைங்கவும்தானே மேப்பு கேக்குறேன்? இருந்தா மேப்பு எதுக்கு, காசு சேத்து நேர்லயே போய்ப் பாத்திருப்பேன்ல?

— கோடு போடாதது நூறு ரூபா தோழர்.

— இந்தாங்க. சுருட்டிக் குடுங்க, கசங்காம. வாரேன்.

— டீச்சரம்மா, பாத்தீங்களா? பேரம் பேசாமப் போறாரு! இருந்த நாடு எழுபத்தஞ்சு, செத்த நாடு நூறு! கட்டையைப் பையில வைங்க. மிச்சத்தையும் இப்படியே விக்கிறேன்.

— மதுரையில எம்புட்டு படிப்பகம் பாய் இருக்கு?

— அது... ஒரு ஆறு ஏழு.

— ஒரு படிப்பகத்துக்கு எம்புட்டு சுவரு?

— ...கட்டையை வெளிய எடுங்க.

— அப்படி வாங்க வழிக்கு. பள்ளிக்கூடத்துக்குக் கோடு போட்டதுதான் வேணும். புதுசு அச்சாகி நம்ம பக்கம் வர இன்னும் ஒரு வருசமாகும். உசிலம்பட்டி, பேரையூர், சோழவந்தான், எல்லா ஊரு டீச்சருங்ககிட்டயும் பேசி, காசும் வாங்கியாந்துட்டேன். இன்னைக்கே நாப்பது எடுத்துக்கிறேன். இதைப் பாத்துட்டு மத்தவங்களும் உங்க கடை வாசல்லதான் நிப்பாங்க. அம்பது ரூபான்னு போடுங்க.

— அம்பதா? முன்ன எழுபத்தஞ்சுக்கு ஒரு நாடு குடுத்தேன். இப்பப் பதினஞ்சு தாரேன். நாட்டுக்கு அஞ்சு ரூபான்னாலும் எழுபத்தஞ்சு வருதே!

— கணக்காப் பேசுங்க பாய். கப்பல் வந்து போற கடல் இருக்கிற நாடும் இல்லாத நாடும் ஒரே விலையா? தெருமுனைக் கடைக்கும் சந்துக்குள்ள இருக்கிற கடைக்கும் ஒரே வாடகையா? ரஷ்யா, உக்ரைன், ஜார்ஜியா, எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா. ஆறுக்குத்தான் கடல். முப்பது ரூபா. மிச்சம் ஒம்பதும் சந்துக்கடை, பாதி விலை. இருபத்திரெண்டரை. ஆக அம்பத்திரெண்டரை.

— இருங்க, இருங்க. இந்தா நீலமா இம்புட்டு பெரிசா ஒண்ணு கிடக்கே?

— அது காஸ்பியன். பேருதான் கடல். நாலு பக்கமும் மூடிக் கிடக்குற ஏரி.

— ஏரியோ கம்மாயோ, மேப்புல கடல்னு அடிச்சிருக்கா இல்லையா? அச்சுல வந்ததுக்கு மேல பேச்சு கிடையாது. அதைத் தொட்டுக்கிட்டு எம்புட்டு பேரு?

— ரஷ்யாவை விட்டா... கசகஸ்தான், துர்க்மெனிஸ்தான், அஜர்பைஜான்.

— மூணு நாட்டுக்கும் முழு விலை. ஏழரை ரூபா கூட. அறுபது!

— சரியாத்தான் வருது. பூகோளம் நல்லாப் படிச்சுக்கிட்டீங்க பாய். அறுபது.

— நாப்பதை அறுபதால பெருக்குனா ரெண்டாயிரத்து நானூறு. கட்டைக்கு நீங்க குடுத்தது?

— முந்நூறு.

— கட்டை இனி என்கிட்டத்தானே இருக்கும். கழிச்சா ரெண்டாயிரத்து நூறு. தோழரோட நூறையும் சேத்தா ரெண்டாயிரத்து எரநூறு. ஒரு வளையலை மட்டும் மீட்டா, எட்டு மாச வட்டியோட ரெண்டாயிரத்து முந்நூத்தி இருபது. ச்சே! கரை வரைக்கும் வந்து நூத்தி இருபது ரூபாயில மாட்டிக்கிச்சே.

— கட்டைக் காசைக் கழிக்காதீங்க.

— அது எப்படி? யாவாரம்னா யாவாரம். உங்க காசு எனக்கு எதுக்கு?

— என் காசு இல்ல. எங்க வீட்டுக்காரரு சட்டைப் பையில எடுத்தது. அவருக்குத் தெரியாது.

— தெரியாம எடுத்த காசா? வேண்டவே வேண்டாம், ஹராமாப் போகும்.

— ஆகாது பாய். உங்களுக்குச் சேர வேண்டியதுதான்.

— எனக்கா? அவரு யாரு, நான் யாரு? புரியாமப் பேசுறீங்க. மொதல்ல பில்லை முடிப்போம். யாரு பேருல போட?

— மீனலோசனி வெங்கடசுப்பிரமணியன்.

— எந்த... வெங்கடசுப்பிரமணியன்?

— பாதி விலை வெங்கடசுப்பிரமணியன்தான். இந்த நாடு பொங்கலைப் பாக்காதுன்னு லண்டன் ரேடியோவைக் கேட்டுட்டு, ராத்திரி தோசை ஊத்திக்கிட்டே உளறுனது நான். விடிஞ்சதும் உங்க கடை வாசல்ல நின்னுருக்காரு. எனக்குப் போன வாரம்தான் தெரியும், சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. மறுநாள் கட்டை வெட்டக் குடுத்தேன்.

— அப்ப மண்ணு விழன்னு நான் சொன்ன வாய்...

— இதுதான்.

— தோபா, தோபா! வாபஸ் வாங்கிக்கிறேன். முந்நூறையும் கழிக்கல, போதுமா? ரெண்டாயிரத்து ஐநூறு ரொக்கம். நஜ்முன்னிசாவுக்கு ஒரு கையில பக்ரீத் வந்துருச்சு, மறு கைக்கு மிச்ச மேப்பு இருக்கு. ஆனா பில்லுக்குப் பின்னால இன்னொரு கணக்கு எழுதுறேன். ராத்திரி தோசை ஊத்துறப்பப் படிச்சுக் காட்டுங்க, அந்த நேரத்துலதான் உங்க வீட்டுக்காரருக்குக் காது நல்லாக் கேக்குது. வெங்கடசுப்பிரமணியன் பேருல பத்து வரவு: ரெண்டு வளையலுக்கு எட்டு மாச வட்டி அறுநூத்தி நாப்பது. சட்டைப் பை மூலமா வரவு முந்நூறு. பாக்கி முந்நூத்தி நாப்பது.