கடலுக்கு எடுத்த அளவு

…ரெண்டு அடியாம்ங்க ஐயா, வெறும் ரெண்டு அடி! கொழும்புல இருந்து வந்தாரே அந்தப் புது இஞ்சினியர், அவரு சொல்றாரு. நான் அளந்தது முப்பத்தாறு அடி! மஹய்யாவயில யார வேணா கேளுங்க, டெயிலர் யாகப்பர் எடுத்த அளவு அரை இஞ்சி தப்பியிருக்கான்னு. அசையாதீங்க, குண்டூசி குத்திரும். கோட்டுல இன்னும் வெறும் நூல்தான் ஓட்டியிருக்கேன்.

நீங்க பிரக்கிராசி, கோர்ட்டுல வழக்காடுறவரு. அந்தாளு மேல மானநஷ்ட வழக்கு போடணும், இன்னிக்கே போடணும். என்னது? மொதல்ல இருந்து சொல்லவா? சொல்றேன், சொல்றேன்.

ரெட்மன் தொர தெரியுமில்ல, கண்டிக் கொளத்துக்கு மேல பங்களாவுல இருக்காரே? அவருதான் கடல் கமிட்டிக்குத் தலைவரு. கடல் ஏறி எறங்குதுல்ல, அதுல எவ்வளவு எலக்ட்ரிக் எடுக்கலாம்னு கண்டுபிடிக்கணும், அதான் அவருக்கு உத்தியோகம். தண்ணி ஏறும்போது உள்ள விட்டுக் கதவச் சாத்திரணுமாம். கடல் எறங்கினதும் தொறந்தா தண்ணி பாஞ்சு சக்கரத்தச் சுத்துமாம். நம்ம மலையில திரும்புன பக்கமெல்லாம் அருவி கொட்டுதே, அத விட்டுட்டு ஏன் தொர கடலுக்குப் போறீங்கன்னேன். அருவிக்கு வேற கமிட்டி இருக்காம்!

சரி, கடலுக்காவது போனாரா? கடக்கரை வெயில் அவருக்கு ஆகாது, வேர்க்குரு வந்துருது. கண்டிதான் குளுகுளுன்னு இருக்கு, கமிட்டி இங்கயே கூடட்டும்னுட்டாரு. கொளத்தப் பாத்துக்கிட்டு, தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே கடல ஆராய்ச்சி பண்ணினாங்க ஐயா!

நான் காற்சட்டைக்கு அளவெடுக்கப் போன அன்னிக்கு என்னப் பாத்து, "யாகப்பர், நீ வருஷா வருஷம் தலவில அன்னம்மா திருவிழாவுக்குப் போறியே, கோயில் கடக்கரையிலதானே இருக்கு? தண்ணி எவ்வளவு ஒயரம் வருதுன்னு அளந்துட்டு வா"ன்னாரு. அளவெடுக்கிறது நம்ம தொழிலாச்சே, மாட்டேன்னா சொல்லுவேன்?

ஊரே பூசையில நிக்குது, நான் மட்டும் மணல்ல நிக்கிறேன். என் சம்சாரம் பியட்றிஸ் கெடந்து திட்டுறா. நான் கேக்கலியே! தண்ணி நல்லா வத்துனப்போ, அது நின்ன எடத்துல ஒரு முளை அடிச்சேன். ஏறி முடிச்சப்போ, அது நின்ன எடத்துல இன்னொரு முளை. ரெண்டுக்கும் நடுவுல டேப்ப மணலோட மணலா ஒட்டிப் புடிச்சு, ஒரு சுருக்கமில்லாம எடுத்தேன் பாருங்க… முப்பத்தாறு அடி! அந்தக் கொழும்புக்காரர் என்ன செஞ்சாரு? கடலுக்குள்ள ஒரு கம்ப நட்டுட்டுக் குடை புடிச்சுக்கிட்டு நின்னாரு. கம்பு ஐயா, கம்பு! டேப்பத் தொடவேயில்ல!

என் அளவக் கேட்டதும் ரெட்மன் தொர கதிரைய விட்டே எந்திரிச்சுட்டாரு. இலங்கை பூராவுக்கும் வெளிச்சம் குடுத்து, மிச்சத்த இந்தியாவுக்கு விக்கலாம்னாரு. தலவிலயில பெரிய கட்டு வேல வரும், ஓவர்சியர் வேணும்னாரு. நான் சும்மா இருப்பேனா? எம்மக றோஸுக்குப் பேசி வச்ச பய கிறகரி, பேராதனை ஸ்டேசன்ல கிளார்க்கு. "ரயில்ல என்னடா இருக்கு, விட்டுட்டு வா"ன்னேன். அவன் தயங்கினான்ங்க. "மாமா, ஒருக்கா நல்லா விசாரிச்சுக்குவமே"ன்னான். நான்தான் "எம்பேச்சுல நம்பிக்கை இல்லியா"ன்னு சத்தம் போட்டு வேலய விட வச்சேன்.

அப்புறம் அந்த இஞ்சினியர் ரெண்டு அடின்னு எழுதிக் குடுத்ததும் கட்டு வேலையே இல்லேன்னுட்டாங்க. இப்ப ஸ்டேசன்ல அவன் எடத்துல வேற ஆள் உக்காந்தாச்சு. கோயில்ல மூணு ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில ரெண்டு வாசிச்சாச்சு, மூணாவத நிறுத்திட்டா அவன் ஆத்தா. வேல இல்லாதவனுக்கு என்ன கல்யாணம்ங்கிறா. றோஸ் ரெண்டு நாளா சோத்தத் தொடல. எல்லாம் அந்தக் கம்புக்காரனால!

கொஞ்சம் நிமுந்து நில்லுங்க, முன்பக்கம் பாத்துக்கிறேன். அடேயப்பா… முதுகுப் பக்கத்த விட நாலு இஞ்சி கூடுதே! கோவிச்சுக்காதீங்க, தொப்பை மேல டேப் ஏறி எறங்கினா அப்படித்தான். துணி வெட்ட இந்த அளவு வேணுந்தான். அதுக்காக நீங்க நாலு இஞ்சி ஒசந்துட்டீங்கன்னு சொல்ல முடியுமா? ஒயரம்னா டேப்பத் தொங்கவிட்டு நேரா எடுக்கணும். சாஞ்சு கெடக்கிறது மேல ஒட்டிப் புடிச்சு எடுத்தா, அது ஒயரமே…

ஐயா.

அந்த மணலு… சாஞ்சுதான் கெடந்துச்சு.

சிரிக்காதீங்க ஐயா. ஒரு கம்பு நட்டிருந்தா போதுமே! அந்தப் புள்ள ஒருக்கா விசாரிப்போம்னுதானே கேட்டான்? நான்தான் அவன் சோத்துல மண்ணப் போட்டேன். றோஸ் மொகத்துல எப்படி முழிப்பேன்?

தொரைக்கு என்ன ஆச்சா? அவருக்கு என்ன ஆகும்! கடல் கமிட்டியக் கலைச்சுட்டாங்க, அவருக்கு இப்பக் காத்துக் கமிட்டி குடுத்திருக்காங்க. காத்துல எவ்வளவு எலக்ட்ரிக் இருக்குன்னு பாக்கணுமாம். நேத்து எனக்கு ஆள் அனுப்பியிருந்தாரு, "யாகப்பர், வந்து காத்த அளந்து குடு"ன்னு…

எங்க ஐயா கெளம்புறீங்க? கோட்டுக்கு இன்னும் ஒரு கை வைக்கலியே! ஐயா… தொரைக்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டேனே ஐயா! கிறகரிக்கும் அங்கதான் ஓவர்சியர் வேல கேட்டிருக்கேன்!