அவ்வாத் மூட்டையில் ஒரு பிடி சர்க்கரை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சந்தேகமிருந்தால் காபிக் கரண்டியைத் தணலில் போடுங்கள். பழுத்ததும் நக்கிக் காட்டுகிறேன். பொய்யன் நாக்குதானே வேகும்? என் மச்சானின் சகலை ஃப்ரேஜ் தன் வாயாலேயே என்னிடம் சொன்னது இது.

பொழுது சாயும் நேரம். பெருநாளுக்கு மறுநாள். மனைவி நாஃப்லாவோடும் சின்ன மகள் ஹிஸ்னாவோடும் ஃப்ரேஜ் ஒரு மலையிடுக்குக்குள் நடந்தான். சினாய்ப் பாலைவனத்தில் அதைவிட ஆளரவமற்ற வழி கிடையாது. இருபுறமும் செம்பாறை... மேலே கயிறு அகலத்துக்கு வானம். தேநீர் போட உட்கார்ந்த பிறகுதான், சர்க்கரையை மறந்தது அவனுக்கு உறைத்தது.

நாஃப்லா விடுவாளா? "போன தடவ தீப்பெட்டி. அடுத்த தடவ எங்களயே மறந்துட்டு வருவீங்க."

ஒட்டகப் பையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனான். ஒட்டகம் கட்டியிருந்தது வளைவுக்கு அப்பால், ஒரு வேலமரத்தடியில். மரத்தில் கிழவர் அவ்வாதின் மூட்டை தொங்கியது. மரத்தில் தொங்கும் மூட்டையை நாங்கள் யாரும் தொடமாட்டோம், உடையவன் செத்தாலும். அவ்வாத் அதற்கு முந்தின குளிர்காலத்தில்தான் செத்திருந்தார்.

மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி சர்க்கரை எடுத்தான்... ஒரே ஒரு பிடி. விரலெல்லாம் பழைய புகையிலை வாசனை.

தேநீர் ஊற்றி வெகுநேரம் ஆகியும் அவனுக்குக் குடிக்க மனம் வரவில்லை. அவன் குடிக்காததால் மற்ற இருவரும் தொடவில்லை. வளைவுக்கு அப்பால் ஒரு வறட்டு இருமல். பிறகு மணலில் செருப்பு இழுபடும் சத்தம். சரக்... சரக்... முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. அவன் திரும்பவில்லை.

"வாப்பா, ஒங்க பின்னால உக்காந்திருக்கிற தாத்தாவுக்கு கிளாஸ் இல்லையே?" என்றாள் ஹிஸ்னா.

நாஃப்லாவின் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. புருஷன் முகம்தான் தெரிந்தது. "சர்க்கர நம்ம வீட்டுதுதானே?"

"நம்ம வீட்டுதுதான். இவ தலைமேல சத்தியம்."

ஒரு பிடி சர்க்கரைக்குப் பெற்ற பிள்ளையின் தலையையா வைப்பது? ஹிஸ்னா கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனாள். எடுத்தேன் என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது... வெட்கம் விடவில்லை. பாய்ந்து பிடுங்கித் தன் வாயில் ஊற்றிக்கொண்டான்.

ஆறிப் பச்சைத் தண்ணீராய்க் கிடந்த தேநீர். வாய்க்குள் 'சுர்ர்' என்றது. சதை தீயும் வாடை. பின்னால் இருமல் நின்றது... செருப்பு மெல்ல இழுபட்டுப் போனது.

ஹிஸ்னாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அவளுக்கே ஒரு பிள்ளை.

ஃப்ரேஜ்தான், நாக்கு வெந்த அந்த நிமிடத்திலிருந்து இன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை. எழுதவும் தெரியாது அவனுக்கு.