மாப்பிள்ளையிடம் கேட்ட கேள்விகள்

இந்த நாற்காலி கொஞ்சம் உயரம், சார். பரவாயில்லை. பியானோ வாசிக்கிறவனுக்கு எந்த நாற்காலியும் சரியாக அமைவதில்லை.

எங்கள் ஜாஸ் குழுவில் நான்கு பேர். பியானோ நான். ட்ரம்பெட் வாசித்தவர் என் தங்கையின் கணவர். பாஸ் கிதாருக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர். நாங்கள் எதையும் எழுதி வைத்து வாசிப்பதில்லை. ஒரு சின்ன மெட்டில் ஆரம்பிப்போம். மற்றதெல்லாம் மேடையில் பிறக்கும். நான் பழைய மெட்டுக்குத் திரும்பினால், முடிக்கப்போகிறோம் என்று அர்த்தம்.

மாப்பிள்ளைக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மூச்சு முட்டினால் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் உடனே மெட்டுக்கு வந்துவிட வேண்டும்.

"அவரா நிறுத்த மாட்டார் அண்ணா. நாலு பேர் கை தட்டினா உசுரையே கொடுத்துடுவார். உன்னை நம்பித்தான் அனுப்புறேன்" என்றாள் தங்கை.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

அன்று பகல் கச்சேரி. மேடையேறும் முன் மாப்பிள்ளை என் தோளைத் தட்டினார். "மச்சான், வழக்கம்போல நீங்க பாய் விரிங்க, நான் படுத்துக்கறேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வருஷக்கணக்காக அவர் வாசிப்புக்குப் பின்னணியாக நான் விரித்த பாய்.

அவரிடம் ஒரு குணம், சார். பியானோவில் கேள்வி கேட்பதுபோல் எதையாவது வாசித்து அந்தரத்தில் விட்டால், பதில் வாசிக்காமல் அவரால் இருக்க முடியாது. அரிக்கிற இடத்துக்குக் கை போகிற மாதிரி.

இரண்டாவது பாட்டில் திரும்பிப் பார்த்தார். நான் புன்னகைத்து, ஒரு கேள்வி வாசித்தேன். பதில் வந்தது. அரங்கம் எழுந்து நின்றது. மறுபடி பார்த்தார், உதடு வெளுத்திருந்தது. நான் சுருதியை ஒரு படி ஏற்றினேன். உயரே போகப் போக ட்ரம்பெட் அதிக மூச்சு கேட்கும். டிரம்ஸ்காரர் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டினார். அவரை விட்டுவிடுங்கள், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

கடைசிப் பார்வையில் கோபமே இல்லை, கெஞ்சல்தான். அதற்கு நான் கேட்டது என் வாழ்நாளிலேயே அழகான கேள்வி. பதிலின் நடுவில் விழுந்தார். அதுவும் வாசிப்பில் சேர்த்தி என்று நினைத்து ஜனங்கள் கை தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"உன் மேல தப்பில்லண்ணா. அந்த விளக்கு வெளிச்சத்துல அவர் பார்த்தது உனக்குத் தெரிஞ்சிருக்காது" என்று சாவு வீட்டில் தங்கை என்னைத் தேற்றினாள். பகல் கச்சேரியில் விளக்கே போடவில்லை என்று நான் சொல்லவில்லை; தேற்றட்டும் என்று விட்டேன். அவளுக்கும் ஒரு வேலை வேண்டுமே.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள். நேற்று அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு வெளியானது. அட்டையில் அவர் முகம் மட்டும். ஊரே ட்ரம்பெட்டைப் பற்றித்தான் பேசுகிறது.

ஆகவே இதையும் சேர்த்து எழுதுங்கள், சார். அன்று மாப்பிள்ளை வாசித்தது வெறும் பதில். கேள்வி அத்தனையும் என்னுடையது.